கைக்கு வந்த கரப்பானுக்கு முதுகில் ஏன் பரிசோதனை?

எக்ஸிமா என்று மருத்துவர்கள் எழுதித் தரும் கைக் கரப்பான் பற்றியும், அதற்குக் காரணமான பொருளைக் கண்டறியச் செய்யப்படும் பேட்ச் டெஸ்ட் பற்றியும் வந்த வாசகர் கடிதங்களுக்குத் தோல் நோய் மருத்துவர் இவ்விதழில் விடையளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 38. மூன்று ஆண்டுகளாக இரண்டு உள்ளங்கைகளிலும் விரல்களிலும் நமைச்சலும் வெடிப்பும் உள்ளன. ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து, கத்தரிக்காய், இறால், வீட்டுத் தூசி மூன்றும் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஓராண்டாகக் கத்தரிக்காயையும் கருவாட்டையும் தொடவில்லை. கையோ அப்படியே இருக்கிறது. இப்போது வேறொரு மருத்துவர் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்யச் சொல்கிறார். நோய் கையில் இருக்க, முதுகில் எதற்கு? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஒவ்வாமை என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் நோய்கள் உண்மையில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. இறால் சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்கி உடம்பெங்கும் தடிப்பு எழுகிறதென்றால், அது ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் பொருளால் வரும் உடனடி ஒவ்வாமை. அதைத்தான் நீங்கள் செய்துகொண்ட இரத்தப் பரிசோதனை தேடுகிறது. கையால் தொட்ட பொருளால் வரும் கரப்பான் அப்படிப்பட்டதன்று. அதை நடத்துபவை டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள். அவை ஒரு பொருளை ஒருமுறை பகையென்று பதிந்துகொண்டால், அப்பொருள் மறுபடி தோலில் படும்போது ஒன்றிரண்டு நாள் கழித்தே அழற்சியைக் கிளப்புகின்றன. இந்தத் தாமத ஒவ்வாமையை அந்த இரத்த அறிக்கை காட்டாது. எனவே, கத்தரிக்காயைச் சாப்பிட்டதும் உங்களுக்கு வாய் நமைச்சலோ தடிப்போ வந்ததில்லை என்றால், அதைத் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடுங்கள். அறிக்கையை நம்பி உணவைக் குறைத்து, நோயை அப்படியே வைத்துக்கொண்டிருப்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

முதுகைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணம் எளிது. பகையைப் பதிந்துகொண்ட டி அணுக்கள் கையில் மட்டும் தங்கியிருப்பதில்லை; உடல் முழுவதும் உள்ள தோலில் உலவுகின்றன. ஆகவே கையில் நோயைத் தரும் பொருள் முதுகில் பட்டாலும் அங்கே ஒரு சிறு கரப்பானை உண்டாக்கும். உள்ளங்கைத் தோல் தடித்தது, அதிலும் உங்களுடையது ஏற்கெனவே வெடித்திருப்பது. அதில் எதை ஒட்டினாலும் சிவக்கும். மேல்முதுகோ சமமானது, நோயற்றது, 20 முதல் 30 பொருள்களை வரிசையாக ஒட்ட இடமுள்ளது. எளிதில் சொறிந்துகொள்ள முடியாத இடம் என்பது கூடுதல் வசதி.

இந்தப் பரிசோதனையை 1895இல், அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்து மருத்துவர் ஜோசப் யாடாசோன் அறிவித்தார். பாதரசத்தால் தோல் அழற்சி கண்டவர்களிடம் அதே பொருளைச் சிறிதளவு தோலில் ஒட்டி, அழற்சி திரும்ப எழுவதைக் காட்டினார். இன்று செய்வதும் அடிப்படையில் அதுதான். சுமார் 8 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு அலுமினியக் கிண்ணங்கள் ஒட்டுநாடாவில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை, பெரும்பாலும் வாசலினில் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து, இடுவார்கள்; எடுத்துக்காட்டாக, நிக்கல் சல்பேட் 5 சதவீதம், பொட்டாசியம் டைகுரோமேட் அரை சதவீதம். விகிதம் கூடினால் யார் முதுகும் வெந்துபோகும், குறைந்தால் ஒவ்வாமை உள்ளவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதால் இந்த அளவுகள் நெடுங்கால அனுபவத்தில் வகுக்கப்பட்டவை. இந்தியாவில் வழக்கமாகப் பயன்படும் தொகுப்பில் ஏறத்தாழ 20 பொருள்கள் உண்டு: உலோகங்கள், ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருள்கள், வாசனைப் பொருள்கள், தலைச்சாயத்தில் உள்ள பாராஃபினைலின்டையமின், களிம்புகளில் வரும் நியோமைசின், பார்த்தீனியம் செடி முதலியவை.

திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை பிரித்தெடுப்பார்கள். நாடாவின் அழுத்தத்தால் வந்த சிவப்பு தணிவதற்கு அரை மணி நேரம் காத்திருந்து முதல் முறை பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை மீண்டும் பார்ப்பார்கள். இந்த வெள்ளிக்கிழமை வருகையைத்தான் பலரும், முதுகில் அதுவரை ஒன்றும் தெரியவில்லையே என்று, தவற விடுகிறார்கள். உண்மையில் முக்கியமானது அதுவே. எரிச்சலால் வந்த சிவப்பு வெள்ளிக்கிழமைக்குள் மங்கிவிடும். ஒவ்வாமையால் வந்தது ஏறிக்கொண்டே போகும். நியோமைசின், ஸ்டீராய்டு மருந்துகள் போன்றவற்றுக்கு ஏழாம் நாள் வரை காத்திருக்க வேண்டியும் வரலாம். மருத்துவர் அந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் விரலால் தடவியும் பார்ப்பார். தோல் வெறுமனே சிவந்திருக்கிறதா, தடித்து மேடிட்டிருக்கிறதா என்பது விரலுக்குத்தான் நன்றாகத் தெரியும். தடித்த சிவப்புக்கு ஒரு கூட்டல் குறி, சிறு கொப்புளங்கள் இருந்தால் இரண்டு, கொப்புளங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் மூன்று என்று குறித்துக்கொள்வார்.

கேள்வி: அடுத்த வாரம் எனக்குப் பேட்ச் டெஸ்ட். குளிக்கலாமா? மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா? (வாசகர், திருச்சி)

பதில்: நாடா ஒட்டியிருக்கும் இரண்டு நாளும், பிறகு கடைசி முறை பார்க்கும் வரையிலும், முதுகு நனையக் கூடாது, இடுப்புக்குக் கீழே கழுவிக்கொண்டு, தலையைக் குனிந்து தனியாக அலசிக்கொள்ளலாம். பேனாவால் இட்ட குறிகள் அழிந்தால் எந்தச் சிவப்பு எந்தப் பொருளுக்கு உரியது என்று சொல்ல இயலாது என்பதால், வியர்வை கொட்டும் வேலையையும் எண்ணெய்க் குளியலையும் அந்த வாரம் தள்ளி வையுங்கள். பழைய சட்டையை அணியுங்கள்; மையின் கறை போகாது. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசக் கூடாது, முதுகில் கடும் வெயில் படக் கூடாது. பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை நாள்தோறும் 10 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிடுபவர்களுக்கு விடை மங்கிவிடக்கூடும். ஆனால் அதை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நமைச்சலுக்குச் சாப்பிடும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள் பொதுவாக இந்தப் பரிசோதனையைக் கெடுப்பதில்லை. கரப்பான் உடலெங்கும் பரவிக் கொதிநிலையில் இருக்கும்போதும், கருவுற்றிருக்கும்போதும் தள்ளிப்போடுவதே வழக்கம்.

கேள்வி: நாங்கள் நிலக்கோட்டைப் பக்கம் பூ கட்டி விற்கும் குடும்பம். எனக்கு விரல் நுனிகள் காய்ந்து வெடித்து, நூல் பட்டாலே எரிகிறது. ஆயுத பூஜை வாரத்தில் கண் இமைகளும் வீங்கிச் சிவந்துவிடும். பேட்ச் டெஸ்டில் 'பார்த்தீனியம்' என்பதற்கு நேராக இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டைச் சுற்றி அந்தச் செடியே இல்லை. நான் காட்டு வேலைக்கும் போவதில்லை. பரிசோதனை தவறா? (வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: பரிசோதனை தவறன்று, ஆனால் அதன் விடையை அப்படியே எடுத்துக்கொண்டு பார்த்தீனியத்தைத் தேடித் தெருவெல்லாம் அலைந்தால் அது தவறாகும். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: ஆயுத பூஜை வாரம்.

அந்த வாரத்தில் உங்கள் கைக்கு அதிகமாக வரும் பூ எது? செவ்வந்தி. பார்த்தீனியமும் செவ்வந்தியும் ஒரே சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள்; இரண்டிலும் செஸ்குவிடர்பீன் லாக்டோன் என்னும் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள்கள் உள்ளன. ஒன்றுக்குப் பழகிப் பகைத்துக்கொண்ட டி அணுக்கள் மற்றதையும் அதே பகையாகக் கருதக்கூடும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து 1950களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடு முழுவதும் பரவிய பார்த்தீனியம், நம் நாட்டில் தோல் ஒவ்வாமையைத் தருவதில் முதன்மையான செடியாகிவிட்டதால்தான் இந்தியத் தொகுப்பில் அதன் சாறு சேர்க்கப்பட்டிருக்கிறது. பட்டியலில் இருப்பது அதன் பெயர்; உங்கள் கையில் இருப்பது அதன் உறவுக்காரப் பூவாக இருக்கலாம்.

இப்போது நீங்கள் பூ கட்டுவதை நினைத்துப் பாருங்கள். காம்பைக் கிள்ளி, பூக்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, இடக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, வலக்கையால் நூலைச் சுற்றி இறுக்குகிறீர்கள். கிள்ளிய காம்பின் சாறும் நசுங்கிய இதழின் சாறும் அந்த விரல் நுனிகளில்தான் மணிக்கணக்காக ஊறுகின்றன. அதே விரலால் இமையைத் தேய்த்தால், உடலிலேயே மிக மெல்லிய தோலான இமை வீங்குகிறது. இமை வீக்கத்தை எழுதாமல் விட்டிருந்தால் இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு பொருளுக்குக் கூட்டல் குறி விழுந்தால், அப்பொருளுக்கும் இப்போதைய நோய்க்கும் தொடர்பு உண்டா, என்றோ ஒரு காலத்தில் இருந்த தொடர்பா, தொடர்பே புலப்படவில்லையா என்று மருத்துவர் தனியே எழுதியாக வேண்டும். இந்த வரி இல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான். அதை எழுதுவதற்கு, நோயாளியின் வேலையைக் கையசைவு கையசைவாகக் கேட்டறிய வேண்டும். பல இடங்களில் அதற்குத்தான் நேரம் ஒதுக்குவதில்லை.

ஆறு வாரங்களுக்குச் செவ்வந்தி, செண்டுமல்லி, மரிக்கொழுந்து ஆகியவற்றை வீட்டில் வேறொருவர் கட்டட்டும். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி ஆகியவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அந்த ஆறு வாரத்தில் கை தேறிவிட்டால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பண்டிகைக் காலத்தில் தவிர்க்க முடியாவிட்டால், விரலோடு ஒட்டிய மெல்லிய நைட்ரைல் கையுறை அணிந்து கட்டிப் பாருங்கள். முதலில் முடிச்சு வழுக்கும், சில நாளில் பழகும். வெடிப்புக்கு வெட்டுக்காயப் பூண்டுச் சாற்றையோ கரிசலாங்கண்ணித் தைலத்தையோ பூசாதீர்கள். அவையும் அதே சூரியகாந்திக் குடும்பம்.

கேள்வி: 20 ஆண்டுகளாகக் கொத்தனார் வேலை செய்கிறேன். கையும் பாதமும் வெடித்து நீர் கசிகிறது. ரப்பர் கையுறை போட்ட பிறகு மணிக்கட்டு வரை ஏறிவிட்டது. பரிசோதனையில் டைகுரோமேட், தையூரம் என்று இரண்டு வந்திருக்கின்றன. வேலையை விட்டுவிட வேண்டுமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: உங்களுக்கு ஒரு நோயின் மேல் இன்னொன்று ஏறியிருக்கிறது. டைகுரோமேட் என்பது குரோமியத்தின் ஓர் உப்பு. சிமெண்ட் தயாராகும்போது மூலப்பொருள்களிலிருந்து வரும் குரோமியம், நீரில் கரையும் குரோமேட்டாக அதில் தங்கிவிடுகிறது. சாந்து குழைத்ததும் அது கரைந்து தோலுக்குள் இறங்குகிறது. ஈரச் சிமெண்டின் கடுமையான காரத்தன்மை தோலை முன்கூட்டியே அரித்து வழி திறந்து வைக்கிறது. 20 ஆண்டுகள் ஒன்றும் செய்யாதது இப்போது எப்படிச் செய்யும் என்று எல்லாக் கொத்தனார்களும் கேட்பார்கள். டி அணுக்கள் ஒரு பொருளைப் பகைத்துக்கொள்வது முதல் மாதத்திலும் நடக்கலாம், 20ஆம் ஆண்டிலும் நடக்கலாம்.

இரண்டாவதாக வந்த தையூரம், ரப்பரை விரைவாகப் பதப்படுத்துவதற்காகச் சேர்க்கப்படும் பொருள். சிமெண்டிலிருந்து காக்க நீங்கள் வாங்கிய கையுறையே புதிய பகையைக் கொண்டுவந்துவிட்டது. கையுறையின் விளிம்பு முடியும் மணிக்கட்டில் கோடு போட்டாற்போல நிற்பது அதனால்தான். ரப்பருக்குப் பதில் தோல் கையுறை வாங்கலாம் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான தோல் பொருள்கள் குரோமிய உப்பால் பதனிடப்பட்டவை. உங்கள் பாதத்தில் உள்ளதற்குச் செருப்பின் தோலோ, ரப்பரோ, காலில் வழிந்த சாந்தோ காரணமாக இருக்கலாம். முழங்கைக்குக் கீழ் வரை வரும் பிவிசி கையுறையை, உள்ளே பருத்தி உறையோடு அணியுங்கள். உள்ளே சாந்து புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கையைக் கழுவி, வேறு இணையை மாட்டிக்கொள்ளுங்கள். சாந்து புகுந்த கையுறை, கையுறையே இல்லாததைவிடக் கெடுதல்.

சிமெண்டில் இரும்பு சல்பேட்டைக் கலந்தால் குரோமேட் தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாறிவிடும். டென்மார்க் 1980களின் தொடக்கத்திலேயே இதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல், கரையும் குரோமேட் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் போகக் கூடாதென்று வரம்பு வைத்துள்ளது. அப்படிக் குறைத்ததாக மூட்டையில் அச்சிடப்படாத சிமெண்டில் குரோமேட் இருக்கிறதென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவது பற்றி உண்மையைச் சொல்லியாக வேண்டும். குரோமேட் ஒவ்வாமை பிடிவாதமானது. வேலையை விட்டவர்களிலும் சிலருக்கு நோய் முழுதும் போவதில்லை. ஆகவே, எடுத்த எடுப்பில் பிழைப்பைத் துறக்கச் சொல்ல மாட்டேன். சாந்தைத் தொடாத கம்பி கட்டும் வேலை, சட்டம் அடிக்கும் வேலை, மேற்பார்வை ஆகியவற்றுக்கு மேஸ்திரியிடம் பேசி மாறிக்கொண்டு, மூன்று மாதம் சிகிச்சையும் எடுத்துப் பாருங்கள். தோல் மேலுக்கு ஆறிய பிறகும் அதன் காப்பு முழுமையாகத் திரும்ப மாதக்கணக்காகும் என்பதால், ஆறிவிட்டதென்று அடுத்த நாளே கரண்டியைப் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: என் கணவருக்கு வலக்கையில் மட்டும் தோல் உரிந்து வெள்ளையாக இருக்கிறது, இரண்டு பாதங்களிலும் அதே போல. இரண்டாண்டாக மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசுகிறார். பேட்ச் டெஸ்ட் செய்யலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அதற்கு முன்பு, உரியும் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. ஒரு கை, இரண்டு பாதம் என்ற இந்தக் கணக்கு படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்கு உரியது. கடைக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் நமைச்சல் அடங்கும், பூஞ்சை உள்ளே வளரும்.

கேள்வி: எனக்கு நிக்கலுக்கு ஒரு கூட்டல் குறி. எவர்சில்வர் பாத்திரங்களை எல்லாம் மாற்ற வேண்டுமா? (வாசகி, சென்னை)

பதில்: வேண்டாம். நல்ல எவர்சில்வரில் நிக்கல் இருந்தாலும், அது இறுகப் பிணைந்திருப்பதால், பாத்திரத்தைக் கையாளும்போது தோலில் படும் அளவு மிகச் சொற்பம். கவரிங் கம்மல் போட்டுக் காது புண்ணான நினைவு உங்களுக்கு இருக்குமானால், அந்தக் கூட்டல் குறி அன்றைய கதையைச் சொல்கிறது. இன்றைய கைக் கரப்பானுக்கு வேறு காரணம் இருக்கலாம். ஐயமுள்ள பொருளில் டைமீத்தைல்கிளையாக்சைம் கரைசலைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தால், நிக்கல் கசியுமானால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். கவரிங் வளையல், மலிவான கத்தரிக்கோல், சாவி ஆகியவற்றை அப்படிச் சோதித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு சமையல் ஒப்பந்தக்காரரிடம் உதவியாளாக இருக்கிறேன், வெங்காயம், பூண்டு உரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் என் வேலை. இடக்கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியும் வெடித்துவிட்டன. பேட்ச் டெஸ்டில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். செலவு வீண்தானா? (வாசகர், மதுரை)

பதில்: வீணில்லை. ஒட்டிய பொருள்களில் எதற்கும் ஒவ்வாமை இல்லை என்று தெரிந்திருக்கிறது. ஒட்டாத பொருளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும் திரவங்கள் சிலவற்றில் கெடாமல் காக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதியாசோலினோன் என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது தந்த ஒவ்வாமை பெருகியதால் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் பூசிவிட்டுக் கழுவாத அழகுப் பொருள்களில் அதற்குத் தடை விதித்தது. உங்களுக்கு ஒட்டிய தொகுப்பில் அது இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

கைக் கரப்பானில் பெரும்பங்கு ஒவ்வாமையே இல்லாமல், நீரும் சோப்பும் உராய்வும் மட்டுமே தருவது என்பதையும் மறக்கக் கூடாது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை நனைந்திருந்தாலே அதைத் தோலைக் கெடுக்கும் ஈர வேலை என்று ஜெர்மனியின் தொழில் பாதுகாப்பு விதிகள் கணக்கிடுகின்றன. உங்கள் வேலையில் முகூர்த்த நாளில் அந்த இரண்டு மணி நேரம் காலைச் சிற்றுண்டிக்கு முன்பே முடிந்துவிடும்.

ஆனாலும் உங்கள் விரல்கள் வேறொன்றையும் சொல்கின்றன. நீரும் சோப்பும் மட்டும் காரணமாயின் இரண்டு கைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி கெட்டிருக்கும். வலக்கையில் கத்தியைப் பிடித்துக்கொண்டு, பூண்டுப் பல்லை இடக்கையின் முதல் மூன்று விரல்களால் பற்றி உரிப்பவர்களுக்கே இந்த மூன்று நுனிகள் மட்டும் வெடிக்கும். தோல் மருத்துவர்களுக்கு இது மிகப் பழகிய அடையாளம். பூண்டில் உள்ள டையலைல் டைசல்ஃபைடு என்ற பொருள் அதற்குக் காரணம்; வழக்கமான தொகுப்பில் அது இருப்பதில்லை. ஒரு சதவீத விகிதத்தில் தனியாகக் கிடைக்கும் அந்தப் பொருளை ஒட்டிப் பார்க்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலான கையுறைகளை அது ஊடுருவிவிடும் என்பதால், கையுறையை நம்பி உரிப்பதைவிட, பூண்டைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வேறு வேலையை மாற்றிக்கொள்வது நல்லது. மருத்துவமனைக்குப் போகும் வரை பொறுக்காமல், பச்சைப் பூண்டை நசுக்கிக் கையில் கட்டி நீங்களே சோதித்துப் பார்த்துவிடாதீர்கள். ஒவ்வாமை இல்லாதவருக்கும் தோல் தீப்பட்டது போல வெந்துவிடும்.